வாசலில் நிற்கும் கிராணி



காலையில் கணினியை முடுக்குகிறீர்கள். வழக்கமான படம் வரவில்லை. கறுப்புத் திரையில் ஓரிரு ஆங்கில வரிகள் மட்டும் வந்து நிற்கின்றன. என்ன செய்வீர்கள்? கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவோம், அல்லவா? என் தமக்கையார் வீட்டிலும் அதுதான் நடந்தது.

அவர் மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். பாடத்துக்கு லினக்ஸ் வேண்டும். அம்மாவின் கணக்குகளும் குடும்பப் படங்களும் விண்டோசில் இருந்தன. வீட்டிலோ ஒரே ஒரு பழைய கணினி. ஆகவே வன்தட்டை இரண்டாகப் பிரித்து, விண்டோசுக்குப் பக்கத்திலேயே லினக்சையும் குடியேற்றினான். முடுக்கியவுடன் 'எது வேண்டும்' என்று கேட்கும் ஒரு பட்டியல் வந்தது. ஒன்றரை ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. படிப்பு முடிந்ததும், இனி லினக்ஸ் எதற்கு என்று எண்ணி, விண்டோசில் இருந்தபடியே அந்தப் பகுதியை அழித்துவிட்டான். மறுநாள் காலை, 'அப்படியொரு பகுதி இல்லை' என்று பொருள்படும் ஒரு வரியும், அதன் கீழே 'கிரப் ரெஸ்கியூ' என்ற சொற்களும் திரையில் நின்றன. வன்தட்டு கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் போடவேண்டும் என்றார் கடைக்காரர். போட்டும் கொடுத்தார். அத்தானின் மணிவிழாப் படங்கள் அதோடு போயின. அத்தான் இப்போது இல்லை.

வன்தட்டு கெடவில்லை, நேயர்களே. படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கெட்டது வேறு ஒன்று. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதன் பெயர் பூட் மேனேஜர். தொடக்க மேலாளர் என்று தமிழில் சொல்லலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். விடியுமுன் பெரட்டுக்குப் போகிறோம். கிராணி பெயர்ப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, இன்னார் இன்ன நிரைக்கு என்று அனுப்புகிறார். அவர் பால் வெட்டுவதில்லை, வாளி தூக்குவதில்லை. ஆனால் அவர் வராவிட்டால் யாருக்கும் எங்கே போவதென்று தெரியாது. அதற்காக மரங்கள் பட்டுப்போய்விட்டன என்று யாராவது சொல்வார்களா? பூட் மேனேஜரும் அப்படித்தான். உங்கள் கோப்புகளை அது தொடுவதில்லை. விண்டோசா லினக்சா என்று கேட்டு, உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

மின்சாரம் பாய்ந்த முதல் வினாடிகளில் கணினிக்கு ஒன்றுமே தெரியாது. தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு சிறிய நிரல் விழித்து, அடுத்ததை எழுப்புகிறது. அது அதற்கடுத்ததை எழுப்புகிறது. தன் காலணி வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது போன்ற வேலை. 'பூட்' என்ற ஆங்கிலச் சொல் வந்த வழியும் அதுவே.

1983-இல் ஐபிஎம் கணினிகளுக்கான டாஸ் 2.0 பதிப்போடு வந்த முறையில், வன்தட்டின் முதல் துண்டில்தான் கிராணி நிற்பார். அந்தத் துண்டின் மொத்த அளவு 512 பைட்டுகள். அதில் 64 பைட்டுகள் வன்தட்டின் பகுதிகளைக் குறித்துவைக்கும் பட்டியலுக்கு. 2 பைட்டுகள் முத்திரைக்கு. மீதி 446 பைட்டுகள்தான் நிரலுக்கு. இன்றைய கணினி முறையில் தமிழில் எழுதினால் இரண்டு மூன்று வரிகளுக்குமேல் அதில் அடங்காது! இவ்வளவு சிறிய குடிசையில் பெயர்ப் புத்தகத்தை எப்படி வைப்பது? ஆகவே கிரப் போன்ற மேலாளர்கள் வாசலில் ஒரு சிறு துண்டை மட்டும் நிறுத்திவிட்டு, புத்தகத்தை லினக்ஸ் பகுதிக்குள் வைத்திருக்கின்றன. 1995-இல் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கியது கிரப். லினக்சில் இன்று மிகுதியாகக் காணப்படுவது அதன் இரண்டாம் தலைமுறை.

இப்போது தமக்கையார் மகன் செய்ததை எண்ணிப் பாருங்கள். புத்தகம் இருந்த வீட்டை இடித்துவிட்டான். வாசலில் கிராணி வெறுங்கையோடு நின்றார். விண்டோஸ் நிறுவல் வட்டைப் போட்டு, பழுதுபார்க்கும் பிரிவுக்குள் சென்று, 'பூட்ரெக்' என்னும் கட்டளையை 'பிக்ஸ் எம்பிஆர்' என்ற சொல்லோடு கொடுத்திருந்தால், வாசலில் விண்டோசின் சொந்த ஆள் வந்து நின்றிருப்பார். பத்து நிமிட வேலை. பகுதியை அழிக்கும் முன்பே இதைச் செய்திருந்தால் கறுப்புத் திரையே வந்திராது.

பின்னர் வந்த கணினிகளில் யூஈஎப்ஐ என்னும் புதிய முறை இருக்கிறது. வாசல் குடிசை போய், வன்தட்டில் தனியாக ஒரு சிறு பகுதியே ஒதுக்கப்படுகிறது. விண்டோசும் லினக்சும் தத்தம் கோப்புகளைத் தனித்தனி அடைவுகளில் வைத்துக்கொள்கின்றன. யார் முதலில் என்ற வரிசையைத் தாய்ப்பலகை தன் நினைவில் வைத்திருக்கிறது. இதனால் ஒரு நன்மை உண்டு. விண்டோசை மறுபடி நிறுவியபின் லினக்ஸ் பட்டியல் காணாமற்போனால், பெரும்பாலும் அது அழிந்திருக்காது. வரிசையில் பின்னுக்குப் போயிருக்கும். தாய்ப்பலகையின் அமைப்புத் திரைக்குள் சென்று வரிசையை மாற்றினாலே திரும்பி வந்துவிடும். பழைய முறையில் அப்படியல்ல. விண்டோஸ் வாசலில் இருப்பவரைக் கேட்காமலே வெளியேற்றிவிடும். அதனால்தான் விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு என்று சொல்வது வழக்கமாயிற்று.

2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினி வைத்திருப்போர் பலர் லினக்ஸ் பக்கம் திரும்புகின்றனர். அவர்களுக்காக, நிறுவும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறொரு வன்தட்டில் நகலெடுப்பது. பூட் மேனேஜர் உங்கள் படங்களை அழிக்காது என்றேன். ஆனால் பகுதி பிரிக்கும்போது கை தவறினால் அழியும். ஆபத்து இருப்பது இங்கேதான். இரண்டாவதாக, கணினியில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தொடக்க வரிசையில் மாற்றம் கண்டால் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கக்கூடும். எண் அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தால் என்ன பயன்?

அடுத்து, விண்டோசின் மின்சார அமைப்பில் உள்ள 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்துங்கள். அது இயங்கும்போது, கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அரைத் தூக்கத்தில் இருக்கிறது. தூங்குகிறவர் வீட்டில் இன்னொருவர் புகுந்து பொருள்களை இடம் மாற்றினால் எழுந்ததும் குழப்பம்தானே! விண்டோஸ் பகுதியைச் சுருக்கி இடம் ஒதுக்கும் வேலையை விண்டோசின் வட்டு மேலாண்மைக் கருவியாலேயே செய்வது நல்லது. அதன்பின் லினக்சை யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, அதிலிருந்து கணினியை முடுக்க வேண்டும். விண்டோஸ் யூஈஎப்ஐ முறையில் இருந்தால் குச்சியையும் அதே முறையில்தான் முடுக்க வேண்டும். முறை மாறினால், ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு கிராணிகள் கிடைப்பார்கள். 2012-இல் விண்டோஸ் 8-ஓடு பரவிய 'செக்யூர் பூட்' காவலைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். உபுண்டு, பெடோரா போன்றவை அதற்குரிய கையொப்பத்தோடு வருவதால் பொதுவாக அதை நிறுத்தத் தேவையில்லை. நிறுவும்போது, 'விண்டோசுக்குப் பக்கத்தில்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். 'வட்டு முழுவதையும் அழித்து' என்ற வரியும் அங்கேயே இருக்கும். அவசரப்படாமல் இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள்.

நிறுவியபின் கிரப்பை வீட்டாருக்கு ஏற்ப அமைக்கலாம். 'இடிசி' அடைவுக்குள் 'டிபால்ட்' என்ற அடைவு, அதற்குள் 'கிரப்' என்ற கோப்பு. அதில் 'டைம்அவுட்' என்பது எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 10 வினாடியாவது வையுங்கள். 'டிபால்ட்' என்ற வரி, யாரும் விசையைத் தொடாவிட்டால் எதை எழுப்புவது என்பதைச் சொல்லும். இங்கே ஒரு சிறு பொறி உண்டு: எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது. பட்டியலில் விண்டோஸ் மூன்றாவதாக இருந்தால் 2 என்று எழுத வேண்டும், 3 அல்ல. மாற்றி எழுதியதும், உபுண்டு, டெபியன் போன்றவற்றில் 'அப்டேட்-கிரப்' என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் மாற்றம் பெயர்ப் புத்தகத்தில் ஏறும். நாம் திருத்துவது வரைவை மட்டுமே. பலர் இதை மறந்துவிட்டு, கிரப் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று குறைப்படுகிறார்கள்.

பட்டியலில் விண்டோசே வராமற்போவதும் உண்டு. 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பில், பிற அமைப்புகளைத் தேடும் 'ஓஎஸ்-புரோபர்' வேலை இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டது. விண்டோஸ் போய்விட்டதென்று பதற வேண்டாம். அதே கோப்பில் 'டிசேபிள் ஓஎஸ்-புரோபர்' என்ற வரிக்கு 'பால்ஸ்' என்று எழுதி, மீண்டும் அதே கட்டளையைக் கொடுங்கள்.

நிறுவப் பயன்பட்ட யூஎஸ்பி குச்சியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிரப் பழுதானால் அதைச் செருகி, அதிலிருந்தே கணினியை முடுக்கி, முதலில் படங்களை வெளியே எடுத்துக்கொள்ளலாம். பழுதைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். கடைக்குக் கொடுப்பதானாலும், 'எதையும் அழிக்கக் கூடாது' என்று தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

தமக்கையார் வீட்டில் இப்போது வேறொரு கணினி இருக்கிறது. முடுக்கினால் பட்டியல் வரும். பத்து வினாடி யாரும் தொடாவிட்டால் விண்டோஸ் எழும், அது அவருக்கு. மகன் வந்தால் அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்துவான். சிங்கப்பூரில் உள்ள உறவினர் ஒருவரிடமிருந்து கிடைத்த மணிவிழாப் படங்கள் பதினேழு, இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. அந்த யூஎஸ்பி குச்சி, சாமி மேடையின் கீழ் இழுப்பறையில், பிறப்புப் பத்திரங்களோடு கிடக்கிறது.