நாகர்மகள் பெற்ற பிள்ளை



மண்ணுலகத்து மன்னன் ஒருவன் மறைவான வேறோர் உலகத்துப் பெண்ணைக் கண்டு காதலிப்பதும், அவள் சின்னாள் உடனிருந்து பின்னர் மறைந்துவிடுவதும் நம் பழங்கதைகளில் பலவிடத்தும் காணப்படும் செய்திகளாம். தேவமகளிர், இயக்கமகளிர், விஞ்சைமகளிர், நாகமகளிர் என அப்பெண்கள் பல திறத்தினர். புரூரவனும் ஊர்வசியும் உரையாடும் பகுதி இருக்கு வேதத்திலேயே உண்டு. ஆயினும் தமிழ்நாட்டில் ஆழ வேரூன்றியது நாகமகளின் கதையே. காரணம் அறிதற்கு எளிது. தேவருலகம் எட்டாத உயரத்தில் உள்ளது. நாகருலகமோ நம் காலடிக்குக் கீழே உள்ளது. பிலம் எனப்படும் நிலக்குகை, ஆற்றின் ஆழம், கடலின் அக்கரை ஆகிய மூன்றிலும் அதற்கு வாயில் உண்டென்று முன்னோர் கருதினர்.

கதை கேட்போர் பெரும்பாலும் காதலோடு நின்றுவிடுவர். கதை சொன்ன புலவர்கள் அங்கே நிற்கவில்லை. காதல் ஒரு திங்களில் முடிந்துவிடுகின்றது. அதன்பின் ஒரு குழந்தை பிறக்கின்றது. ஈருலகுக்கும் உரிய அக்குழந்தையை மண்ணுலகம் எவ்வாறு ஏற்றது என்பதிலேதான் கதையின் உயிர் இருக்கின்றது.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் பீலிவளையின் கதையை முதலில் காண்போம். காவிரிப்பூம்பட்டினத்துச் சோழமன்னன் நெடுமுடிக்கிள்ளி ஒருநாள் கடற்கரைச் சோலைக்குச் சென்றான். புன்னை மலர்ந்த அம்மணற்பரப்பில் ஒரு பெண் தனியே நின்றாள். யார், எவ்வூர் என்று அவள் சொல்லவில்லை. அவனும் வற்புறுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு திங்கள் அவளோடு அங்கேயே தங்கினான். பின்னர் ஒருநாள் அவள் யாதொன்றும் உரையாமல் போய்விட்டாள். ஊர்வசியாவது புரூரவனுக்கு நிபந்தனைகள் விதித்தாள். அவை மீறப்பட்டபின் பிரிந்தாள். பீலிவளை நிபந்தனையும் விதிக்கவில்லை, குறையும் கூறவில்லை. காரணம் தெரியாத பிரிவு என்பதால் அரசனுக்கு அது பெருந்துயரம் ஆயிற்று.

அவளைத் தேடித் திரிந்த அரசன்முன் சாரணர் ஒருவர் தோன்றினார். நிலத்தினுள் புகவும், வானத்தில் செல்லவும், நீர்மேல் நடக்கவும் வல்லவர் அவர். அரசன் தன் துயரைச் சொல்லி வினவினான். அவளை யாம் கண்டதில்லை, ஆயினும் அவள் வரலாற்றை அறிவோம் என்று அவர் கூறினார். நாகநாட்டு மன்னன் வளைவணனுக்கும் அவன் தேவி வாசமயிலைக்கும் பிறந்த மகள் அவள். அவள் பிறந்தபோதே, ஞாயிற்றின் குலத்து வந்த அரசன் ஒருவனைக் கூடிக் கருவுற்று மீள்வாள் என்று கணி கூறியிருந்தான். இனி அவள் வாராள். அவள் பெறும் மகன் வருவான். இவ்வளவும் சொன்ன சாரணர் மற்றொன்றும் சொன்னார். இந்திரவிழாவை மறந்தால் இந்நகரைக் கடல் கொள்ளும், அதனை மறவாதே என்பது அது.

காதலைப் பற்றிக் கேட்டவனுக்குக் கடமையைப் பற்றியும் விடை கிடைத்தது. இரண்டில் அரசன் நெஞ்சில் எது நின்றது என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை காட்டும்.

பீலிவளை தன் நாட்டில் ஆண்மகவைப் பெற்றாள். குழந்தையோடு மணிபல்லவத் தீவுக்கு வந்து அங்குள்ள புத்தபீடிகையை வலங்கொண்டாள். அவ்வேளையில் கம்பளச் செட்டி என்னும் வணிகனின் மரக்கலம் அத்தீவை வந்தடைந்தது. இவன் மன்னன் மகன், கொண்டு சென்று அவனிடம் சேர்ப்பாய் என்று சொல்லித் தன் குழந்தையை அவள் அவ்வணிகன் கையிற் கொடுத்தாள். அவனும் மகிழ்ந்து வணங்கி ஏற்றுக்கொண்டு அன்றே கலத்தைச் செலுத்தினான். நள்ளிருள் யாமத்தில் கலம் உடைந்தது. பிழைத்துக் கரையேறியவர் சிலர். குழந்தையை மட்டும் காணவில்லை.

செய்தி அரசனுக்கு எட்டியது. அவன் கடலிலும் கரையிலும் மகனைத் தேடி அலைந்தான். அவ்வாண்டு இந்திரவிழா நிகழவில்லை. கடல் பெருகி வந்து காவிரிப்பூம்பட்டினத்தை விழுங்கியது. உலகாண்ட மன்னன் தன்னந்தனியனாய் ஊரை விட்டுப் போனான் என்று காப்பியம் கூறுகின்றது.

கடமை மறந்த அரசன் என்று இவனை ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவார் உளர். அவர்கள் இக்காப்பியத்தின் சிறைசெய் காதையை மறந்துவிடுகின்றனர். இவ்வரசனுக்கு உதயகுமரன் என்று ஒரு மகன் இருந்தான். கண்முன்னே வளர்ந்து இளவரசனாய் நின்ற மகன் அவன். மணிமேகலையை விரும்பிப் பின்தொடர்ந்தபோது, காஞ்சனன் என்னும் விஞ்சையனின் வாளால் வெட்டுண்டு இறந்தான். அச்செய்தியைக் கேட்ட அரசன் அழவில்லை. ஆன்கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் பிறந்த குடியில் இப்படிப்பட்ட மகனா என்று வெகுண்டான். தான் செய்திருக்க வேண்டிய தண்டத்தை விஞ்சையன் செய்தான் என்று சொல்லி, விரைந்து ஈமத்தீயில் இடுமாறு பணித்தான். பெற்ற மகன் இறந்தபோதும் செங்கோலைச் சாயவிடாதவன் இவன்.

அவனே, தான் ஒருமுறையும் காணாத ஒரு கைக்குழந்தைக்காக நிலைகுலைந்து அரசையும் விழாவையும் மறந்தான். ஏன்? முதல் மகனிடம் குற்றம் இருந்தது. நீதி பேசி நெஞ்சைத் தேற்றிக்கொள்ள இயன்றது. இக்குழந்தையிடம் என்ன குற்றம்? வருவான் என்று சாரணர் சொன்ன நாள்முதல் இவன் வரவையே எதிர்நோக்கியிருந்தான். அவன் மறந்தது பெரும்பிழையே. நகரத்து மக்கள் யாது பிழை செய்தார்கள் என்ற கேள்வியும் எஞ்சி நிற்கின்றது. ஆனால் அப்பிழை கல்நெஞ்சில் பிறந்ததன்று.

பீலிவளை என்ன ஆனாள்? மணிபல்லவத்துக் கரையில் குழந்தையைக் கைமாற்றிக் கொடுத்ததோடு அவளைப் பற்றிய பேச்சே நின்றுவிடுகின்றது. கலம் உடைந்ததை அவள் அறிந்தாளோ, அறிந்து என்ன செய்தாளோ, அதனைச் சாத்தனார் சொல்லவில்லை. தேடி அழுவதற்குத் தந்தைக்கு ஒரு கடற்கரையாவது இருந்தது.

கடல் கொண்ட பிள்ளை இவன். கடல் தந்த பிள்ளை ஒருவனும் உண்டு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளை உடைய பாட்டு. அதன் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். திரை தந்த மரபினன் என்று அப்பாட்டு அவனைக் குறிக்கின்றது. அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் அங்கே ஒரு கதையை உரைக்கின்றார். நாகப்பட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்தின் வழியே நாகலோகம் சென்று நாககன்னி ஒருத்தியைக் கூடினான். அவள், தான் பெறப்போகும் பிள்ளையை என் செய்வது என்று முன்கூட்டியே கேட்டாள். தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடு, கரையேறி வந்தால் அவனுக்கு அரசுரிமை தருவேன் என்று அவன் வாக்களித்தான். அவள் அவ்வாறே விட்டாள். திரை அக்குழந்தையைக் கரை சேர்த்தது. திரையன் என்ற பெயரும் வந்தது.

இவ்விரு கதைகளையும் ஒன்றாக்கி, பீலிவளையின் மகனே தொண்டைமான் என்று கூறும் வழக்கம் ஒன்று உண்டு. மணிமேகலையில் தொண்டைக்கொடியும் இல்லை, பிள்ளை கரையேறியதும் இல்லை. இரண்டையும் வேறாகவே வைத்து எண்ணுவது நல்லது. அப்போதுதான் வேற்றுமையின் பொருள் விளங்கும். அங்கே பெண் கேட்கவில்லை, ஆண் வாக்களிக்கவில்லை. இங்கே பெண் கேட்டாள், ஆண் அடையாளம் குறித்தான், சொன்ன சொல்லையும் காத்தான். தொண்டை என்பது வேலிதோறும் படர்ந்து சிவந்த கனி பழுக்கும் கோவைக்கொடி என்பர். ஆதொண்டை என்பாரும் உளர். எதுவாயினும் பொன்னோ மணியோ அன்று, காட்டில் கிடைக்கும் ஒரு கொடி. அதனை நம்பி ஒரு தாய் தன் குழந்தையைக் கடலில் விட்டாள். அவ்வாறு வந்தவனாகச் சொல்லப்படும் இளந்திரையன் பெயரால் புறநானூற்றில் 185ஆம் பாட்டு உள்ளது. அரசாட்சியை வண்டிக்கும் அதனைச் செலுத்துவோன் திறமைக்கும் ஒப்பிட்டுப் பேசுவது அது.

இக்கதை பிறந்த நாகையே நாகர் பெயர் தாங்கிய ஊர். மூவரும் பாடிய திருநாகைக்காரோணத்தில் ஆதிசேடன் இறைவனை வழிபட்டான் என்பது தலவரலாறு. காஞ்சியை ஆண்ட பல்லவரும் தம் குலத்துக்கு நாகர் உறவைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டனர். வீரகூர்ச்சன் என்பவன் நாகவேந்தன் மகளை மணந்தபோதே அரச சின்னங்களையும் பெற்றான் என்று வேலூர்ப்பாளையம் செப்பேடு கூறுகின்றது.

கடலின் அக்கரையிலும் இக்கதை வாழ்கின்றது. இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் மீசான் என்னும் இடத்தில் 658ஆம் ஆண்டைச் சேர்ந்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. கௌண்டின்யர் என்னும் அந்தணர், துரோணர் மகன் அசுவத்தாமனிடம் பெற்ற வேலை நாட்டி, சோமை என்னும் நாகராசன் மகளை மணந்து அரசகுலம் தொடங்கினார் என்பது அதிற் காணும் செய்தி. 1296ஆம் ஆண்டு கம்போச நாட்டுக்கு வந்த சீனத் தூதுக்குழுவில் ஒருவரான சௌ தாகுவான், அங்கோர் நகரில் தாம் கேட்ட ஒன்றை எழுதிவைத்தார். அரண்மனைப் பொற்கோபுரத்தில் ஒன்பது தலை நாகம் ஒன்று இரவுதோறும் பெண்ணுருக் கொண்டு வரும்; அரசன் முதல் யாமத்தில் அங்கே செல்ல வேண்டும்; ஓரிரவு அவள் வாராவிடின் அரசனுக்கு இறுதி வந்தது; ஓரிரவு அவன் செல்லாவிடின் நாட்டுக்குக் கேடு வந்தது. அந்நாட்டுத் திருமணங்களில் மணமகளின் மேலாடை நுனியை மணமகன் பற்றிச் செல்லும் சடங்கு, நாகமகளைப் பின்தொடர்ந்து அவள் உலகம் புகுந்த முதல் மன்னனை நினைப்பிப்பதாகும்.

மூன்றாவது பிள்ளையை நம்மூர்ப் பெண்டிர் அனைவரும் அறிவர். தீர்த்த யாத்திரை சென்ற அருச்சுனன் கங்கையில் நீராடியபோது, உலூபி என்னும் நாககன்னி அவனை நீருக்குள் ஈர்த்துச் சென்று தன் காதலைச் சொன்னாள். அவர்களுக்குப் பிறந்தவன் அரவான். வியாசர் அவனை இராவான் என்பார். தந்தை உடனில்லாமல் தாயால் நாகருலகில் வளர்ந்தவன். தந்தை இந்திரலோகத்தில் இருக்கிறான் என்று கேள்வியுற்று, தானே தேடிச் சென்று, நான் உன் மகன் என்று வணங்கி நின்றான். அருச்சுனன் அவனைத் தழுவிக்கொண்டான். தழுவிக்கொண்டு, போர் வரும்போது எமக்குத் துணையாக வா என்றான்.

வியாசர் கூற்றின்படி அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் மாண்டான். தமிழ்நாட்டு வழக்கு இன்னும் ஒருபடி மேலே சென்றது. பாண்டவர் வெற்றிக்காக, சாமுத்திரிகா இலட்சணம் முப்பத்திரண்டும் நிரம்பிய அவன் போருக்குமுன் களப்பலியாகத் தன்னைத் தானே தந்தான் என்பது தமிழ்ப் பாரதம். தந்தையால் ஏற்கப்பட்ட பிள்ளைதான் இவன். ஏற்றவுடன் அவனிடம் கேட்கப்பட்டது உயிர். திரையனுக்குக் கிடைத்தது நாடு. இவனுக்குக் கிடைத்தது களம். உலூபியோ இதற்குப் பின்னும் அருச்சுனன்மேல் பகை கொள்ளவில்லை. பப்புருவாகனன் கணையால் அவன் வீழ்ந்து கிடந்தபோது, நாகமணி கொண்டு அவனுக்கு உயிர் மீட்டவள் அவளே.

மணமாகாதவனைப் பலியிடுதல் ஆகாது என்று, கண்ணபிரானே மோகினி உருக்கொண்டு அரவானை ஓரிரவு மணந்தார் என்பது தென்னார்க்காட்டு வழக்கு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் என்ற பெயரில் அவன் கோயில் கொண்டுள்ளான். சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் பல ஊர்களிலிருந்தும் திரண்டு வந்து, பூசாரி கையால் அவன் பெயரில் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் களப்பலி முடிந்ததும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளையுடுத்தி ஒப்பாரி வைக்கின்றனர். ஊராரும் உடன் அழுகின்றனர்.

அத்திருவிழா சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நிகழ்வது. புகாரில் இந்திரவிழாவுக்கு உரிய நாளாகச் சிலப்பதிகாரம் குறிப்பதும் அதே சித்திரை முழுமதி நாளே.