பெயர்ப்பலகையில் ஒரு கொம்பு



லோதி ரோட்டின் மேற்கு முனையில், 1754-ஆம் ஆண்டில் எழுந்த சஃப்தர்ஜங் கல்லறை நிற்கின்றது. கிழக்கே நிஜாமுத்தீன் வரை சென்றால், அதனினும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முந்திய ஹுமாயூன் கல்லறையைக் காணலாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குடியிருப்புகளில், அரசாங்க அலுவலின் பொருட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துள்ளன. அத்தகைய வீடொன்றின் வாயிலுக்காக நாம் செய்த மரப் பெயர்ப்பலகையைப் பற்றியதே இப்பேச்சு.

சி.என்.சி. ரௌட்டர், லேசர் செதுக்கி என்னும் இரு பொறிகள் இந்நாளில் பொழுதுபோக்காளரின் மேசைக்கே வந்துவிட்டன. முன்னது, விரைந்து சுழலும் சிறு வெட்டுமுனையை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் மேல் கீழாகவும் நகர்த்தி மரத்தைக் குடைவது. பின்னது, ஒளிக்கற்றையைக் குவித்து மரத்தையும் தோலையும் அட்டையையும் கரிப்பது, அல்லது அறுப்பது. இரண்டையும் நடத்துவன கணினி அனுப்பும் எண்களே. எண்களால் இயங்கும் வெட்டுப்பொறியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-இல் செய்து காட்டினர். லேசர் ஒளியைத் தியோடர் மெய்மன் 1960-இல் தோற்றுவித்தார். மரம் அறுப்பதற்கு இன்றும் பெரிதும் பயன்படும் கரியமிலவாயு லேசரை 1964-இல் அமைத்தவர், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல் ஆவார். ஆலைகளுக்குள் அடங்கியிருந்த இக்கலை வீடுகளுக்குப் பரவியமைக்கு ஒரு காரணம், 2009-இல் தொடங்கி யாவர்க்கும் இலவசமாக வழங்கப்பட்ட கெர்பில் என்னும் கட்டளை நிரல். உள்ளங்கையில் அடங்கும் மின்சுற்றுப் பலகை ஒன்றே அதனை இயக்கப் போதுமானது.

நம்மிடம் உள்ள ரௌட்டர் மிகச் சிறியது. அதன் மேசை 300 மில்லிமீட்டர் நீளமும் 180 மில்லிமீட்டர் அகலமும் உடையது. கீர்த்தி நகர் மரக்கடைகளிலிருந்து தேக்குத் துண்டொன்றை வாங்கி வந்தோம். ‘வேலவன் இல்லம்’ என்னும் பெயரைப் பொறிப்பது எனத் தீர்மானித்தோம். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் கணினியில் எழுத்தை அமைத்தனர். இரண்டு மணி நேரம் பொறி ஓடிற்று. மரத்தூளைத் துடைத்து, எண்ணெய் பூசி, பெருமிதத்துடன் பாட்டியிடம் நீட்டினோம். பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார்: “வலேவன் இல்லம்.” பிறகு நிமிர்ந்து, “யாரப்பா இந்த வலேவன்?” என்று கேட்டார்.

பலகையை அதுவரை நால்வர் பார்த்திருந்தோம், ஒருவரும் படிக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத் தெரியும். எழுத்தோ அவர்களுக்கு அழகிய சித்திரமாகவே இருந்தது. படிக்கத் தெரிந்த நாமும் அவசரத்தில் சித்திரமாகவே பார்த்துவிட்டோம்.

பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்ந்தோம். ‘வே’ என்று எழுதுகையில் நாம் கொம்பை முதலில் இட்டு, அதன்பின் வகரத்தை எழுதுகின்றோம். 1991 முதல் தமிழுக்கு இடமளித்துள்ள யூனிகோடு முறையிலோ, ஒலிக்கும் வரிசையே சேமிக்கும் வரிசை. அதாவது முதலில் மெய்யைக் குறிக்கும் வகரம், பிறகு உயிரைக் குறிக்கும் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துவது நிரலின் கடமை. இந்திய எழுத்துகளின் இயல்பை அறியாத வெட்டு நிரல்கள் இதனைச் செய்வதில்லை. வகரத்திற்குப் பின் நின்ற கொம்பு, அடுத்த லகரத்திற்கு உரியதாகிவிட்டது. ஐகார, ஒகர, ஓகார, ஔகார வரிசைகளுக்கும் இவ்விபத்து உண்டு.

பரிகாரம் எளிது. தமிழை முறையாகக் காட்டும் இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை நிரலில் பெயரை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கேயே எழுத்துகளை வெறுங்கோடுகளாக மாற்றிவிட்டு, அக்கோடுகளை மட்டும் வெட்டு நிரலுக்குத் தரவேண்டும். பின்னர் எவரும் கொம்பை இடம்பெயர்க்க இயலாது.

அடுத்து, அச்சுத்தகடு வெட்டுவோர்க்கு மற்றொரு சிக்கல் காத்திருக்கின்றது. ‘அ’, ‘இ’, ‘வ’ முதலிய எழுத்துகளில் மூடிய சுழிகள் உண்டு. எழுத்தின் கோட்டை ஊடுருவ அறுத்தால், சுழியின் நடுப்பகுதி பிடிமானமின்றிக் கீழே விழுந்துவிடும். ஆங்காங்கே சிறு பாலங்களை விட்டுவைத்தாலன்றி நடு நிற்காது. இதற்கு ஆசான்களைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஹுமாயூன் கல்லறையின் கற்சாளரங்களைப் பாருங்கள். எத்தனை துளைகள் இருப்பினும், கல் ஒவ்வொன்றும் அண்டைக் கல்லைத் தொட்டே நிற்கின்றது. விழுவதற்கு உரிய துண்டு ஒன்றுமில்லை. நம் ஊர்ச் சந்தைகளில் விற்ற தகரக் கோல அச்சும் அதே வழியைக் கண்டிருந்தது. கோட்டை அறுக்காமல், கோட்டின் மீது நெருக்கமாகத் துளைகள் இட்டனர். மாவு புள்ளி புள்ளியாக விழுந்து கோடாயிற்று.

கோலத்தைக் கணிதமாகக் காண்பதும் நமக்குப் புதிதன்று. சென்னைத் தாம்பரத்துக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும் 1970-களிலேயே கோலங்களை விதிகளால் அமையும் ஒரு மொழியாக ஆராய்ந்து எழுதினர். நம் பெண்கள் வாயிலில் குனிந்து இடுவதை விதியாக எழுதலாம் எனின், அவ்விதியைப் பொறிக்குக் கற்பிப்பதும் கூடும். மார்கழிக் குளிரில் தில்லி மாடிக் குடியிருப்பின் குறுகிய நடைவழியில் கோலமிட இயலாத இல்லத்தார்க்கு, மரத்தில் செதுக்கிய சிக்குக் கோலம் ஓரளவு ஆறுதல் தரும். ஆயினும், அதனைக் கையால் இடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரேனும் இருந்தால்தான் தவறிய இழை எது என்று சொல்ல முடியும்.

எச்சரிக்கைகள் சிலவற்றையும் கூறிவிடுவோம். லேசர் ஒளி கண்ணைக் கெடுக்கும். அவ்வொளிக்கென்று செய்த கண்ணாடியை அணியாமல் பார்க்கலாகாது. பி.வி.சி. பிளாஸ்டிக்கை லேசரால் ஒருபோதும் அறுக்கலாகாது. அதிலிருந்து எழும் குளோரின் கலந்த புகை நுரையீரலையும் பொறியையும் சேர்த்து அரிக்கும். பொறி ஓடுகையில் அறையை விட்டு அகலலாகாது. மரம் கரிவதற்கும் பற்றி எரிவதற்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. ரௌட்டரில் ஒரே மூச்சில் ஆழமாகக் குடைந்தால் முனை ஒடியும், படிப்படியாகவே இறங்கவேண்டும். அழுத்திய மரத்தூள் பலகையைக் குடைவோர் மூக்குக் கவசம் அணிதல் நலம்.

சுழலும் முனை வட்டமானது. ஆகையால், ‘ட’, ‘ப’ ஆகியவற்றின் உள்மூலைகள் கூர்மையாக வாரா. முனையின் பருமனுக்கு ஏற்பச் சற்று உருண்டே நிற்கும். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நாளிலிருந்தே நம் எழுத்துகளுக்கு வளைவு பழக்கமானது. எனவே அவ்வுருட்சி கண்ணுக்கு உறுத்துவதில்லை.

இரண்டாவது பலகையை வெட்டுமுன் பாட்டியை நடுவில் அமர்த்தினோம். காகிதத்தில் அச்சிட்ட பெயரை நம் மகள் விரலால் தடவி, “கொம்பு, வகரம், வே. அடுத்து லகரம்” என்று உரக்கப் படித்தாள். தவறில்லை என்று பாட்டி தலையசைத்த பின்னரே விசையை அழுத்தினோம். அப்பலகை இன்று வாயிலில் தொங்குகின்றது. முதற்பலகையையும் எறியவில்லை. அதனைத் திருப்பி வைத்து, மகள் அதன் பின்புறத்தில் எழுத்துகளைச் செதுக்கிப் பழகுகின்றாள். இதுவரை ஔகாரம் வரை வந்திருக்கிறாள்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் அன்பர்கள் இத்தகைய பொறியை வாங்க எண்ணினால், பொறிக்கு முன்பாகத் தேடவேண்டியது ஒன்றுண்டு: வெட்டப்போகும் எழுத்தைப் படித்துக் காட்ட ஒருவர். வீட்டில் அத்தகைய ஒருவர் இருந்தால், பிள்ளைகளை அவர் அருகில் அமர்த்துங்கள். இல்லையெனில், நாமே அவ்வொருவராக ஆவதற்கு இன்றைய மாலைப்பொழுது போதுமான தொடக்கம்.