விழுங்கிய ஊக்கும் வைத்தியரின் இடுக்கியும்



தவழும் குழந்தைக்குக் கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்கு உரியதே. காசு, பொத்தான், ஊக்கு என எது அகப்பட்டாலும் சுவைத்துப் பார்க்கும். விழுங்கப்பட்ட பொருள்களிற் பெரும்பாலானவை இரைப்பையை அடைந்து, பின்னர் மலத்துடன் தாமாகவே வெளியேறிவிடுகின்றன. உணவுக்குழாயில் தங்கிவிடுபவையே பெருந்தொல்லை தருவன.

இவற்றைக் கத்தியின்றி எடுக்கும் வித்தையை ஒரு சாத்திரமாகவே வளர்த்தவர், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் பணியாற்றிய தொண்டை வைத்தியர் செவாலியர் ஜக்சன் (1865–1958). நுனியிற் சிறு மின்விளக்குப் பொருத்திய உலோகக் குழாயை வாய்வழியே செலுத்தி, அதனூடே நீண்ட இடுக்கியை விட்டுப் பொருளைப் பற்றுவார். கேட்பதற்கு எளிது. ஆயின், திறந்த ஊக்கு ஒன்று கூர்முனை மேல்நோக்கச் சிக்கியிருந்தால் என் செய்வது? அப்படியே இழுத்தாற் குழாய்ச் சுவர் கிழிந்துபோம். ஆகவே ஜக்சன் அதனை உள்ளேயே மூடுவார். அன்றேல், மெல்ல இரைப்பைக்குத் தள்ளி, இடம் அகன்ற அவ்விடத்தே திருப்பி, கூர்முனை பின்தொடர வெளியே கொணர்வார். பின்தொடரும் கூர் குத்துவதில்லை. அவர் சேர்த்துவைத்த 2,300க்கு மேற்பட்ட பொருள்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் நூதனசாலையில் உள்ளன. ஊக்குகள் அவற்றுட் பல. அக்காலத் தாய்மார் குழந்தையின் அரைத்துணியை ஊக்கினாலன்றோ பிணித்தனர்!

1957இல் பசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பார் கண்ணாடி இழைகளாலான, வளையும் உள்நோக்குக் கருவியைச் செய்து காட்டினார். இன்று அத்தகைய கருவியினூடே சிறு வலையையும் கம்பிச் சுருக்கையும் செலுத்திப் பொருளை எடுக்கின்றனர்.

எனினும், ஜக்சன் அஞ்சிய பகை வேறொன்று. சலவைக் காரத்தை விழுங்கி உணவுக்குழாய் வெந்த குழந்தைகளைக் கண்டு, நச்சுக் காரங்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு வேண்டுமென அவர் போராடினார். 1927இல் அதற்குச் சட்டம் பிறந்தது. அதே காரம் இன்று பொத்தான் பற்றரி வடிவில் வீட்டினுள் வந்திருக்கிறது. விளையாட்டுப் பொருள்களிலுள்ள இச்சிறு வில்லை உணவுக்குழாயிற் தங்கினால், ஈரம் பட்டு மின்னோட்டம் உண்டாகி, அவ்விடத்திலேயே கடுங்காரம் தோன்றும். பற்றரி உடைய வேண்டியதில்லை. 2 மணித்தியாலத்துள் குழாய்ச் சுவர் வெந்துவிடக்கூடும்.

மீன்முள் சிக்கினால் சோற்றுருண்டையும் வாழைப்பழமும் கொடுத்து உள்ளே தள்ளுதல் நம் வீட்டு வழக்கம். இங்கே அது ஆகாது. வாந்தி எடுக்கச் செய்தலும் ஆகாது. குழந்தை அழாது விளையாடினும், உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். பற்றரியின் உறை கிடைத்தால் அதனையும் கொண்டுபோங்கள். அதன் அளவை வைத்தியர் முதலிற் கேட்பார்.