விளக்கு கொடுத்தால் போதுமா?

சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் இன்றும் மின்சாரம் இல்லாத வீடுகளில் வாழ்கிறார்கள். அங்கே நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடும். வயலிலிருந்து திரும்பி, தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. பகலெல்லாம் வெயில் கொட்டும் ஊரில், பள்ளிப் பிள்ளை புத்தகத்தைத் திறக்கும் நேரத்தில் வெளிச்சம் இல்லை. இந்தக் குறையைப் போக்கப் புறப்பட்ட தொண்டு முயற்சிகளுக்குச் சில பத்தாண்டு வயதுதான். அதற்குள் அவை பட்டுத் தெரிந்துகொண்டவை ஏராளம்.

மலாவியை எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டின் கிராமப்புறத்தில் பத்தில் ஒரு வீட்டுக்குக்கூட மின் இணைப்பு இல்லாத நிலையே நெடுங்காலம் நீடித்தது. வீடுகள் சோளக்காட்டு நடுவே சிதறிக் கிடக்கின்றன. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, டிரான்ஸ்பார்மர் வைக்க ஆகும் செலவை, இரண்டு பல்பு எரிக்கும் குடும்பங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து மின்வாரியம் மீட்க வழியில்லை. கம்பி வந்த இடத்திலும் மின்சாரம் நிச்சயமில்லை. 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா அணையைச் சிதைத்தபோது நாட்டின் மின்னுற்பத்தித் திறனில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவு போயிற்று. அண்டை நாடான சாம்பியாவில் 2024-ஆம் ஆண்டு வறட்சியில் கரிபா நீர்த்தேக்கம் வற்ற, இணைப்புள்ள வீடுகளே நாளின் பெரும்பகுதி இருளில் கிடந்தன.

மின்சாரம் இல்லாத வீடு நெடுங்காலம் நம்பியிருந்தது மண்ணெண்ணெயை. பழைய தகர டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, கிழிந்த துணியைத் திரியாகச் செருகினால் விளக்கு தயார். கண்ணாடிக்கூடு கிடையாது. இப்படிப்பட்ட விளக்கில் எரியும் எண்ணெயில் நூற்றுக்கு ஏழு முதல் ஒன்பது பங்கு வரை அப்படியே கரியாகிப் போகிறது என்று ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். விளக்கை ஒட்டி உட்கார்ந்து படிக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் அந்தக் கரியில் ஒரு பங்கு இறங்குகிறது. விளக்கு கவிழ்ந்தாலோ பாயும் கூரையும் பற்றிக்கொள்ளும். இப்போது மலாவியிலும் சாம்பியாவிலும் மண்ணெண்ணெயின் இடத்தைப் பெரும்பாலும் மலிவான டார்ச்சுகள் பிடித்துவிட்டன. தீர்ந்த பேட்டரிகள் கழிப்பறைக் குழியிலும் தோட்டத்து மண்ணிலும் போய் விழுகின்றன. எண்ணெயானாலும் பேட்டரியானாலும் ஏழை அன்றன்றைக்குச் சில்லறையாகத்தான் வாங்குகிறார். அதனால் ஒரே வெளிச்சத்துக்கு வசதியுள்ளவரைவிட அதிக விலை கொடுக்கிறார்.

2006-இல் இங்கிலாந்தில் சோலார்எய்ட் என்ற தொண்டு நிறுவனம் தோன்றியது. அதை நிறுவிய ஜெரமி லெகெட் நிலவியல் அறிஞர். சோலார்செஞ்சுரி என்ற சூரிய மின் நிறுவனத்தை நடத்தியவர். அதன் லாபத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கை இந்தத் தொண்டுக்கு ஒதுக்கினார். ஆப்பிரிக்க நாடுகளில் விளக்குகளைக் கொண்டு சேர்க்க ‘சன்னிமணி’ என்ற கிளை அமைப்பும் உருவானது. விளக்கை இலவசமாகக் கொடுப்பதில்லை, விலைக்கு விற்பது என்று அவர்கள் எடுத்த முடிவு பலரை முகம் சுளிக்க வைத்தது. ஆனால் அதற்கு வலுவான காரணம் இருந்தது. இலவச விளக்கு வந்து இறங்கும் ஊரில் விளக்கு விற்கும் பெட்டிக்கடைக்காரர் பிழைக்க மாட்டார். அடுத்த ஆண்டு விளக்கு பழுதானால், புதிது வாங்கவோ பழையதைச் சரிசெய்யவோ அங்கே ஆள் இருக்காது. காசு கொடுத்து வாங்கியவரோ சரியாக எரியவில்லை என்றால் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி கேட்கும் உரிமைதான் தானத்தில் காணாமல் போகிறது.

விற்பது என்று முடிவெடுத்தாலும் யார் நம்பி வாங்குவார்கள்? மட்டமான டார்ச்சுகளை வாங்கி ஏமாந்த ஊர்கள் அவை. அங்கே எல்லோரும் நம்பும் மனிதர் ஒருவர் இருந்தார்: பள்ளித் தலைமை ஆசிரியர். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் இசைவோடு தலைமை ஆசிரியர்களைக் கூட்டி, விளக்கை அவர்கள் கையில் கொடுத்துக் காட்டினார்கள். அவர்கள் பள்ளிக்குத் திரும்பி மாணவர்களிடம் சொன்னார்கள். மாணவர்கள் வீட்டில் சொன்னார்கள். பெற்றோர் பணம் கட்டினார்கள். வகுப்பறை வழியாகவே விளக்கு வீட்டுக்குள் நுழைந்தது. சோலார்எய்ட் வழியாக இதுவரை மொத்தம் 20 லட்சத்துக்கும் அதிகமான விளக்குகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இந்தத் தொண்டின் வரலாற்றில் மிகச் சிறந்த யோசனை இந்தப் பள்ளி வழியே என்று சொல்லலாம்.

அந்த விளக்கு உள்ளங்கையில் அடங்கும். முதுகில் சிறு சூரியப் பலகை, உள்ளே லித்தியம் பேட்டரி, முகப்பில் எல்.இ.டி. காலையில் வெயிலில் வைத்தால் இரவில் பல மணி நேரம் எரியும். எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிவதும், சூரியப் பலகை, பேட்டரி இரண்டின் விலையும் ஒருசேரச் சரிந்ததும் இதைச் சாத்தியமாக்கின. வெள்ளை எல்.இ.டி.க்கு வழிதிறந்த நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த ஜப்பானில் பிறந்த அறிஞர்கள் மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பின் பயனை முழுமையாக அனுபவிக்க வேண்டியவர்கள் இந்தக் குடிசைகளில் இருப்பவர்களே.

ஆப்பிரிக்காவிலிருந்து மண்ணெண்ணெய் விளக்கை 2020-க்குள் ஒழிப்பது என்று சோலார்எய்ட் சூளுரைத்திருந்தது. அது நிறைவேறவில்லை. சிறு தொகை சேர்க்க முடிந்தவர்கள் விளக்கு வாங்கினார்கள். அதுவும் முடியாத குடும்பங்கள் இருட்டிலேயே நின்றன. கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையை நம்பி, எம்-கோபா போன்ற வணிக நிறுவனங்கள் தினத் தவணையில் சூரிய மின் கருவிகளை விற்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தவணை நின்றால் விளக்கும் அணைந்துவிடும். அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதங்களில் சோளம் வாங்கவே காசில்லாத குடும்பத்துக்குத் தினத் தவணை ஒத்துவராது.

அந்தக் கடைசிக் குடும்பத்தை எட்டுவதற்காக மலாவியின் இன்சிசி மாவட்டத்தில், கசக்குலா பகுதியில், வேறொரு முறையைச் சோலார்எய்ட் தொடங்கியது. வீட்டில் பொருத்தும் கருவி தொண்டு நிறுவனத்துக்கே சொந்தம். குடும்பம் வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு சிறு தொகை கட்டும். பழுதானால் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஒரு வீடும் விடுபடக் கூடாது என்பது இலக்கு. இன்னும் சில பள்ளிகளில் புத்தகத்தை இரவல் தருவதுபோல் விளக்கையும் இரவல் தருகிறார்கள். மாலையில் எடுத்துப் போகும் பிள்ளை காலையில் திருப்பித் தருகிறது.

இனி கல்வி. விளக்கு வந்தால் பிள்ளைகள் படித்து முன்னேறிவிடுவார்கள் என்று நன்கொடைத் துண்டறிக்கைகள் உறுதியாகச் சொல்கின்றன. ஆய்வுகளின் குரல் அப்படி ஒருமுகமாக இல்லை. கென்யாவில் நடந்த ஓர் ஆய்வில் விளக்கு பெற்ற மாணவர்களின் கணித மதிப்பெண் கூடியது. அவர்களோடு சேர்ந்து படித்த, விளக்கு பெறாத மாணவர்களும் பயனடைந்தார்கள். உகாண்டாவில் நடந்த சிறு ஆய்வில் மதிப்பெண் குறையவே செய்தது. சரியாகச் சார்ஜ் ஆகாத விளக்குகள் மினுமினுத்தது காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. ருவாண்டாவில் பிள்ளைகளின் படிப்பு பகலிலிருந்து இரவுக்கு நகர்ந்தது. மொத்த நேரம் பெரிதாகக் கூடவில்லை. இவற்றைக் கண்டு சோர்ந்துபோக வேண்டியதில்லை. புகையில்லாத வீடும் தீப்பிடிக்காத பாயும் எந்தத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் படிப்புக்கு வெளிச்சம் மட்டும் போதாது என்பதை இந்த ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன.

மலாவி 1994-இல் தொடக்கக் கல்வியைக் கட்டணமற்றதாக்கியது. அதுவரை சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 30 லட்சத்தை ஒட்டிப் போனது. வகுப்பறையும் ஆசிரியரும் அந்த வேகத்தில் பெருகவில்லை. கீழ்வகுப்புகளில் ஓர் ஆசிரியர் முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பது அங்கே சாதாரணம். இருட்டுக் கிராமத்தில் குடியிருக்க ஆசிரியர்களும் தயங்குகிறார்கள். கொஞ்ச நாளில் நகரத்துக்கு மாற்றல் கேட்கிறார்கள். ஆகவே ஆசிரியர் குடியிருப்பில் எரியும் ஒரு பல்பு, நூறு மாணவர் வீட்டு விளக்குக்கு ஈடாகப் பயன் தரக்கூடும். தொண்டு நிறுவனங்கள் இதற்கு இன்னும் உரிய கவனம் கொடுக்கவில்லை.

பழுதுபார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு ஒரு விடை இந்தியாவிலிருந்து போயிருக்கிறது. ராஜஸ்தானின் திலோனியாவில் பங்கர் ராய் 1972-இல் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரி, ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து நடுவயதுப் பெண்களையும் பாட்டிமார்களையும் வரவழைத்து, ஆறு மாதத்தில் சூரிய மின் பொறியாளர்களாக்கி அனுப்புகிறது. பயணச் செலவை இந்திய அரசு ஏற்றிருக்கிறது. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பயிற்றுநரின் மொழியும் புரியாது. நிறத்தைப் பார்த்து உறுப்பை இனம் காண்பதும், சைகையைப் பார்த்துச் சால்டரிங் செய்வதுமாகப் பாடம் நடக்கிறது. இளைஞர்களை ஏன் அழைப்பதில்லை? சான்றிதழ் கைக்கு வந்ததும் அவர்கள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். பாட்டி ஊரிலேயே இருப்பார், பேரப்பிள்ளைகளுக்காகவாவது விளக்கை எரிய வைப்பார். 2016 ஜூலையில் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இந்தியப் பிரதமர் இத்தகைய ‘சோலார் மாமா’க்களை (அங்கே ‘மாமா’ என்றால் அம்மா) சந்தித்தார். ஆங்காங்கே இப்போது சோலார்எய்டும் உள்ளூர் ஆட்களுக்குப் பழுதுபார்க்கக் கற்றுத் தருகிறது. பேட்டரியை மட்டும் மாற்றினால் மீண்டும் எரியக்கூடிய விளக்குகள் குப்பைக்குப் போவதை அது தடுக்கிறது.

ஆகவே ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு வெளிச்சம் கொடுக்க விரும்பும் ஒவ்வொரு கொடையாளரும் விளக்கின் விலையோடு நின்றுவிடக் கூடாது. அதைப் பழுதுபார்க்கும் பெண்ணின் கூலியையும், அந்த ஊர் ஆசிரியர் வீட்டுக் கூரைக்கு ஒரு சூரியப் பலகையையும் சேர்த்தே கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்.