ஒற்றைச் செருப்பும் ஓர் இன்பமே!

("சின்னப் பிள்ளைகளால் தந்தைக்கு மிஞ்சுவது இன்பமா? தொல்லையா?" என்ற பட்டிமன்றத்தில் 'இன்பமே' என்ற அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! தொல்லை, தொல்லை என்று இங்கே முழங்கிவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைக்குப் பலூன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே! அந்தப் பிள்ளையைத் தாய்மார்களிடம் தள்ளிவிட்டு நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிற தந்தைமார்களே! (பலத்த சிரிப்பு) 

ஐயா, எனக்கு முன்னால பேசின தம்பி ஒரு பெரிய பட்டியல் வாசிச்சாரு. ராத்திரித் தூக்கம் போச்சு. வெள்ளைச் சட்டை போச்சு. செல்போன் போச்சு. மூக்குக் கண்ணாடி ரெண்டாப் போச்சு. புதுசா வெள்ளையடிச்ச செவுரு பூரா கிறுக்கல். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன் தெரியுமா? அவரு எங்க அணிக்குத்தான் பேசிட்டுப் போயிருக்காரு! (சிரிப்பு)

சிரிக்காதீங்கய்யா, சாட்சி இருக்கு. சாதாரண சாட்சி இல்லை, ராஜ சாட்சி! பாண்டியன் அறிவுடைநம்பி. புறநானூற்றிலே 188-ஆவது பாட்டு. ஒரு ராஜா பாட்டு எழுத உட்கார்ந்தா எதை எழுதணும்? யானைப்படையை எழுதலாம். கோட்டையை எழுதலாம். இவரு எதை எழுதினாரு? ஒரு சின்னப் பிள்ளை தத்தித் தத்தி நடந்து வருது. கையை நீட்டுது. சோத்தை எடுத்துக் கீழே போடுது. தட்டைத் தொட்டுத் துழாவுது. வாயில கவ்வுது. நெய்ச்சோத்தை உடம்பு முழுக்க அப்பிக்குது. இவ்வளவுதான்யா பாட்டு! பிள்ளை முதல் மார்க் வாங்கினதா அதிலே இல்லை. பெரிய உத்தியோகத்துக்குப் போனதா இல்லை. சாப்பாட்டைக் கொட்டி அமர்க்களம் பண்ணினதைத்தான் ஒரு பாண்டியன் பார்த்து மயங்கியிருக்கான். தம்பி வாசிச்ச அதே பட்டியல்! தம்பி அதுக்குத் 'தொல்லை'ன்னு தலைப்புப் போட்டாரு. பாண்டியன் இதுதான் வாழ்க்கையோட பயன்னு தலைப்புப் போட்டுட்டான். (கைதட்டல்)

வள்ளுவர் மட்டும் சும்மாவா இருந்தாரு? மக்கட்பேறுன்னு தனியா ஓர் அதிகாரமே வச்சாரு. தன் பிள்ளை சின்னக் கையை விட்டுக் கலக்கின கூழ் இருக்கே, அது அமுதத்தையும் மிஞ்சின இனிப்புன்னு சொன்னாரு. கவனிங்கய்யா, கூழ்! ராஜா வீட்டிலே நெய்ச்சோறு, ஏழை வீட்டிலே கூழ். ரெண்டு வீட்டிலேயும் பிள்ளை பண்றது ஒரே வேலைதான்! (சிரிப்பு, கைதட்டல்) இதைவிடப் பெரிய சமத்துவம் உலகத்திலே எங்கேய்யா இருக்கு?

எதிரணிச் சகோதரி செலவைப் பத்திப் பேசினாங்க. எல்.கே.ஜி.க்குக் கட்டின பணத்தைச் சொல்லும்போது அவங்களுக்குக் குரலே கம்மிப்போச்சு. அம்மா, உங்க துக்கத்திலே நானும் பங்கெடுத்துக்கிறேன். (சிரிப்பு) ஆனா ஒண்ணு. அது பள்ளிக்கூடம் கொடுக்கிற தொல்லை. அந்தக் கணக்கை ஏம்மா பச்சைப் பிள்ளை தலையிலே எழுதுறீங்க? (பலத்த கைதட்டல்)

நம்ம வீட்டுக் கதைக்கு வர்றேன். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளுக்கு நாலு வயசு நடந்தப்போ, தினமும் காலையிலே எட்டு மணிக்கு என் வீட்டிலே ஒரு திருவிழா. என்ன திருவிழா? செருப்புத் தேடும் திருவிழா! வலது கால் செருப்பு இருக்கும், இடது கால் செருப்பு இருக்காது. கட்டிலுக்கு அடியிலே பார்ப்பேன், மாடிப்படியிலே பார்ப்பேன். தெரு நாயைக்கூடச் சந்தேகப்பட்டேன். (சிரிப்பு) நாயும் என்னைப் பார்த்தாலே ஒதுங்க ஆரம்பிச்சது. பள்ளிக்கூடத்திலே டீச்சர், "உங்க அப்பா என்ன பண்றாங்க?"ன்னு கேட்டிருக்காங்க. "எங்கப்பா செருப்புத் தேடுறாங்க"ன்னு சொல்லிட்டு வந்திருக்கு! (பலத்த சிரிப்பு)

ஒருநாள் என் மனைவி அரிசி எடுக்க டிரம்முக்குள்ள கையை விட்டிருக்காங்க. உள்ளே இருந்து செருப்பு வருது! (சிரிப்பு) அந்த வாரம் சாப்பிட்ட சோத்தை நினைச்சு நான் நின்னது தனிக்கதை. பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏம்மா இப்படிப் பண்ணினே?"ன்னு கேட்டேன். கையைப் பின்னாலே கட்டிக்கிட்டு அது சொல்லுது: "ஒத்தைச் செருப்போட ஆபீசுக்குப் போக முடியாதில்லப்பா?"

(சிறிது அமைதி)

ஐயா, நீங்க நியாயமான நடுவர். சொல்லுங்க. தினமும் நான் பதினைந்து நிமிஷம் தாமதமாப் போனதும், மேலதிகாரி முறைச்சதும் தொல்லைதான். ஆனா இந்த உலகத்திலே நான் வெளியே போகக்கூடாதுன்னு என் செருப்பை ஒளிச்சு வச்ச ஜீவன் வேற யாரு இருக்கா? சம்சாரம்கூட, "நேரமாச்சு, கிளம்புங்க"ன்னுதான் சொல்லுது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

மகன் கதை வேற மாதிரி. அவனுக்கு ரெண்டரை வயசு. அக்கா மாலையிலே இருந்து ஒரு பாசிமணியை உருவி மூக்குக்குள்ளே போட்டுக்கிட்டான். எடுக்கப் போனா இன்னும் உள்ளே போகுது. தூக்கிக்கிட்டு ஓடினேன் டாக்டர்கிட்ட. டாக்டர் கத்தியும் எடுக்கலே, கத்தரியும் எடுக்கலே. "நீங்க பிள்ளையோட வாயிலே வாயை வச்சு மூடிக்குங்க. மணி இல்லாத மூக்கை விரலால அடைச்சுக்குங்க. ஒரே ஒரு தடவை 'புப்'புன்னு ஊதுங்க"ன்னாரு. என்னடா இது, டாக்டருக்கு ஃபீசைக் கட்டிட்டு வேலையை நாம பண்றோமேன்னு நினைச்சேன். (சிரிப்பு) ஊதினேன். மணி அசைஞ்சது. மறுபடி ஊதினேன். 'டிங்'குனு என் மூக்குக் கண்ணாடியிலே வந்து விழுந்தது! (பலத்த சிரிப்பு) இது டாக்டர் எதிர்லே, அவர் சொல்லிக் கொடுத்தபடி செய்யற வைத்தியம். யாரும் வீட்டிலே நீங்களா முயற்சி பண்ணாதீங்க.

"இதுக்கு என்ன பேரு டாக்டர்?"ன்னு கேட்டேன். மருத்துவப் புத்தகத்திலேயே பேரு இருக்காம். 'அம்மா முத்தம்'! பார்த்தீங்களாய்யா அநியாயத்தை! ஓடினது அப்பா, ஊதினது அப்பா, கண்ணாடியிலே அடி வாங்கினது அப்பா. பேரு மட்டும் அம்மாவுக்கு! (நீண்ட கைதட்டல்)

பேரு யாருக்குப் போனா என்னய்யா? 'அம்மா'ங்கிறது ஒரு வேலையோட பேரு. அதை யாரு செஞ்சாலும் பேரு பொருந்தும். பெரியாழ்வார் யாரு? ஆண்தானே! கண்ணனைக் குழந்தையா நினைச்சவரு, தன்னை யசோதையாவே ஆக்கிக்கிட்டாரு. தாலாட்டினாரு, குளிக்கக் கூப்பிட்டாரு, நிலாவைக் காட்டினாரு. ஓர் ஆம்பிளை தாலாட்டலாமான்னு எந்தத் தமிழனும் அவரைக் கேக்கலே, ஆழ்வார்னு கும்பிட்டான். (கைதட்டல்)

உடம்பே அதுக்கு ஏத்த மாதிரி மாறுதுங்கிறான் விஞ்ஞானி. பிலிப்பைன்ஸ் நாட்டிலே செபுங்கிற ஊர்ல இளைஞர்களைப் பல வருஷம் பரிசோதிச்சு, 2011-ல ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. அப்பா ஆனவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன்னு சொல்ற ஆண் சுரப்பு நல்லாக் குறைஞ்சிருந்தது. அதிலேயும் தினம் மூணு மணி நேரத்துக்கு மேலே பிள்ளையைக் கவனிச்சவங்களுக்கு இன்னும் குறைச்சல். இது நோய் இல்லைய்யா. முறுக்கிக்கிட்டுத் திரிஞ்ச பயலை இயற்கையே இழுத்து உட்கார வச்சு, "டேய், இந்தா பிள்ளை, பிடி"ன்னு கொடுக்குது! (சிரிப்பு)

இன்னொரு கணக்குச் சொல்றேன். பிள்ளைத்தமிழ்னு நம்மகிட்ட ஓர் இலக்கியம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலின்னு பத்துப் பருவம். மூணாம் மாசத்திலே ஆரம்பிச்சு இருபத்தோராம் மாசம் வரைக்கும் கணக்கு வச்சான் தமிழன். ஏன் அப்படி மாசக் கணக்கு? கை கொட்டுற பருவம் முடிஞ்சா முடிஞ்சதுதான். கூப்பிட்டா தத்தித் தத்தி வர்ற பருவம் போனா போனதுதான். ஐம்பது வயசிலே வசதி வந்தபிறகு, "கொஞ்சம் தத்தி நடந்து காட்டுப்பா"ன்னா பிள்ளை வருமா? பைக் சாவி கொடுன்னு வந்து நிற்கும்! (பலத்த சிரிப்பு)

மத்திய அரசு ஊழியருக்குப் பிள்ளை பொறந்தா தந்தை விடுப்புன்னு 15 நாள் உண்டு. ஆறு மாசத்துக்குள்ளே எடுத்துக்கணும். அதாவது சர்க்கார் கணக்குப்படி அப்பாவுக்குச் செங்கீரையோட ஜோலி முடிஞ்சது! (சிரிப்பு) அந்தப் பதினைந்து நாளாவது உண்டேன்னு சந்தோஷப்படுவோம். லாரி ஓட்டுற அப்பாவுக்கு யாருய்யா கொடுக்கிறது? கொத்து வேலைக்குப் போற அப்பாவுக்கு யாரு கொடுக்கிறது? கடல் தாண்டிப் போன அப்பாவுக்கு?

எங்க தெருவிலே ஒருத்தர். மஸ்கட்டிலே வேலை. அவரு விமானம் ஏறின பிறகுதான் பிள்ளை பொறந்தது. தினமும் ராத்திரி செல்போன்ல முகம் பார்த்துப் பேசுவாரு. பாட்டி போனை நீட்டி, "அப்பாவுக்கு முத்தம் கொடு"ம்பாங்க. பிள்ளை போனுக்கு முத்தம் கொடுக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல வந்தாரு. வாசல்லே நின்னு கையை நீட்டுறாரு. பிள்ளை அவரைப் பார்த்தது. விறுவிறுன்னு உள்ளே போச்சு. சார்ஜர்லே கிடந்த போனைத் தூக்கிக்கிட்டு வந்து அவருகிட்டே காட்டுது: "அப்பா... அப்பா..."

(அமைதி)

ஐயா, அந்த மனுஷன் அன்னைக்கு அழுதாரு பாருங்க, அதுதாங்க தொல்லை. தம்பி வாசிச்ச பட்டியல்ல அது இல்லை.

நாலு நாள் ஆச்சு. ஒருநாள் காலையிலே அவரு தெருவுக்கே ஓடி வர்றாரு. போட்டிருக்கிறது புது வெள்ளைச் சட்டை. நெஞ்சு பூரா சாம்பார். என்ன ஏதுன்னு பதறிப்போய்க் கேட்டா, "எம் பையன் என் மடியிலே உட்கார்ந்து சாப்பிட்டானுங்க! எம் மேலே கொட்டிட்டானுங்க!" ஒவ்வொரு வீடா நின்னு காட்டுறாரு. பதக்கம் வாங்கினவன்கூட அப்படிக் காட்டமாட்டான். (நீண்ட கைதட்டல்) துவைச்சாங்க, மஞ்சள் கறை போகலே. லீவு முடிஞ்சு கிளம்பும்போது பெட்டியிலே முதல்லே அந்தச் சட்டையைத்தான் மடிச்சு வச்சாரு.

நடுவர் அவர்களே! எதிரணியினர் காட்டிய கிழிந்த காகிதமும், உடைந்த கண்ணாடியும், கறைபட்ட சட்டையும் ஒரு தகப்பன் வீட்டில் இருந்தான் என்பதற்கான அத்தாட்சிகள். பிள்ளையின் கை எட்டும் தூரத்தில் இருக்கிறவன் சட்டையில்தான் சாம்பார் விழும். அந்தத் தூரத்தில் இருக்க முடியாதவன்தான் துயரப்பட்டவன். ஆகவே, எதிரணியின் பட்டியலை அப்படியே எங்கள் அணியின் சாட்சியமாக ஏற்றுக்கொண்டு, 'இன்பமே' என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள்.

தீர்ப்பை மட்டும் கொஞ்சம் சீக்கிரமாச் சொல்லிடுங்க ஐயா. அரங்கத்துக்கு வெளியே செருப்பை விட்டுட்டு வந்திருக்கேன். முன் வரிசையிலே இருந்த ஒரு சின்னப் பிள்ளையைக் காணோம்! (பலத்த சிரிப்பு)

 (நீண்ட கைதட்டல்)