கூப்பிடு தூரத்தில் ஒரு ராஜதானி

(குன்னத்துகாலில் நடந்த நம் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இத்தாலி போய் வந்தேளே, அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சென்ற வருஷம் பெண், மாப்பிள்ளை, பேத்தியுடன் ஃப்ளாரன்ஸ் நகரில் ஒரு நாள் சுற்றிப் பார்த்தது வாஸ்தவம். ஆனால் அங்கே பேத்தி கேட்ட ஒரு கேள்வியால் என் பேச்சு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பொறுத்தருள வேண்டும்.

ஃப்ளாரன்ஸில் உஃபிஸி என்ற சித்திரசாலை இருக்கிறது. அந்த ஊரை ஆண்ட மெடிச்சி வம்சத்தார் சேர்த்த பொக்கிஷம் அங்கே இருக்கிறது. வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா என்ற அம்மையார். அவர் 1737இல் ஓர் உடன்படிக்கை செய்தார். சித்திரம், சிலை, புஸ்தகம் எல்லாம் அடுத்து வரும் லொரேன் வம்சத்து அரசருக்குச் சேரும். ஆனால் ஒன்றுகூட ஊரை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. இன்று உலகமே அங்கே வரிசையில் நிற்பதற்கு அந்த ஒரு நிபந்தனை பெரிய காரணம்.

இதைக் கேட்ட பேத்தி, "தாத்தா, நம்ம ஊர்ப் பக்கம் அரண்மனை இருக்கா?" என்றாள். "பத்மநாபபுரம் இருக்கே" என்றேன். "உள்ளே என்ன இருக்கும்?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை! பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை போனதோடு சரி. உத்தியோக நாட்களில் தக்கலை வழியாக எத்தனை முறை ஜீப்பில் போயிருப்பேன்! ஒரு நாளும் இறங்கவில்லை.

ஊர் திரும்பியதும் அவளை அழைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான்.

சுமார் 1601இல் தொடங்கிய அரண்மனை அது. மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிவடைந்தது. 1795 வரை திருவிதாங்கூரின் ராஜதானி. பூமுகத்தின் மர விதானத்தில் தொண்ணூறு பூக்கள், ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. பேத்தி கழுத்து வலிக்க எண்ணினாள். கறுப்புத் தரை கண்ணாடி போலப் பளபளக்கிறது. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்தது என்கிறார்கள். நான் வேதியியல் படித்தவன். இதில் மாயம் இல்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடியும் கல்லாகிறது. சிரட்டைக் கரி நிறம் கொடுக்கிறது. கூலியாட்கள் பொறுமையாகத் தேய்த்த தேய்ப்புதான் மெருகு.

ஊட்டுப்புரையில் மேலும் கீழுமாக இரண்டாயிரம் பேர் பந்தியில் உட்காரலாமாம். நம் முன்னோர்களில் எத்தனை பேர் அங்கே இலை போட்டு சாப்பிட்டார்களோ!

மார்த்தாண்ட வர்மா ஆண்டது 1729 முதல் 1758 வரை. இத்தாலியில் அந்த அம்மையார் கையெழுத்திட்டபோது இங்கே இவர் சிம்மாசனத்தில் இருந்தார். 1750இல் ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீபத்மநாப ஸ்வாமிக்குத் திருப்படித்தானமாக சமர்ப்பித்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனாலும் "இது என்னுடையதல்ல, நான் காவலாள்" என்ற எண்ணம் இருவரிடமும் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம் தாலுகா சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. நம் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அரண்மனை இருக்கும் மண் தமிழ்நாடு. பராமரிப்பதோ கேரளத் தொல்பொருள் துறை. எல்லை மாறியும் காவல் விட்டுப்போகவில்லை. நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதி தேவி திருவனந்தபுரம் எழுந்தருளும்போது பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத்தானே போகிறாள்? சாலையோரம் நின்று சேவித்திருக்கிறோம். அவள் எங்கிருந்து கிளம்புகிறாள் என்று நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அரண்மனையில் பழைய மர வேலைகளைப் பார்த்துவிட்டு, "நம்மாத்தில் இப்படி ஏதாவது இருந்ததா தாத்தா?" என்றாள் குழந்தை. இருந்தது. என் தாத்தா காலத்துப் பலாமரப் பத்தாயம். 1988இல் அக்ரஹாரத்து வீட்டை விற்றபோது, இடத்தை அடைக்கிறது என்று அதையும் ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டேன். நல்ல விலை வந்ததென்று சந்தோஷப்பட்டேன். அதில் நெல் அளந்த பாட்டியின் கை இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. குழந்தைக்குக் காட்ட ஒரு ஃபோட்டோகூட என்னிடம் இல்லை.

அதனால் உங்களிடம் ஒரே விண்ணப்பம். வீடுகளை விற்க வேண்டிய நிர்ப்பந்தம் எல்லோருக்கும் வரும். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் ஒரே ஒரு பொருளையாவது, விளக்கோ, உருளியோ, ஓலைச்சுவடியோ, "இது வெளியே போகக் கூடாது" என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யாருடையது, எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். பேரன் பேத்திகள் லீவுக்கு வந்தால் ஒரு நாள் பத்மநாபபுரம் அழைத்துப் போங்கள். ஃப்ளாரன்ஸுக்கு அவர்களே போய்க்கொள்வார்கள்.