பாதிச் செய்தி



மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எங்களுக்கு, ஒரே செய்தியை இரு மொழிகளில் படிப்பது அன்றாடத் தொழில். அதனால் எதைப் படித்தாலும் முதலில் வினைச்சொல்லைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அமைச்சர் ஒருவர் ‘கூறினார்’ என்றால் அது செய்தி. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அவர் அதுவரை எதையோ மறைத்திருந்தார் என்றாகிறது. ‘சமாளித்தார்’ என்று எழுதினாலோ, தீர்ப்பே வழங்கப்பட்டுவிடுகிறது. அவர் வாயினின்று வந்த சொற்கள் மூன்றிலும் ஒன்றே.

முழுப் பொய் எழுதும் ஏட்டை வாசகர் விரைவில் கண்டுகொள்வர். பாதி உண்மை எழுதும் ஏடுதான் நெடுநாள் நம்பப்படுகிறது.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், தமிழ்நாட்டுக்குக் காவிரியில் வினாடிக்கு 15,000 கன அடி வீதம் 10 நாள் நீர் விடுமாறு உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு ஆணையிட்டது. 12ஆம் நாள் அதனைத் திருத்தி, அளவை 12,000 கன அடியாகக் குறைத்து, 20ஆம் நாள்வரை விடவேண்டும் என்றது. ‘நீர் குறைப்பு’ என்று தலைப்பிட்டால் பொய்யன்று. ‘கெடு நீட்டிப்பு’ என்று தலைப்பிட்டாலும் பொய்யன்று. முன்னதை மட்டும் அறிந்த தமிழரும், பின்னதை மட்டும் அறிந்த கன்னடரும் ஒருசேரக் கொதிக்கலாம். நாள் கணக்கையும் அளவையும் பெருக்கிப் பார்த்தால்தான், மொத்த நீர் முன்னைவிடக் கூடிற்று என்பது விளங்கும். பெருக்கல் கணக்கைத் தலைப்பில் அடக்க யாருக்குப் பொறுமை உண்டு?

அதே நாளில் சென்னையில் கர்நாடகத்தவரின் உணவு விடுதி தாக்கப்பட்டது. பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. இவற்றுக்குத் தலைப்புகளே காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதுவும் பாதி உண்மையாகிவிடும். ஆயினும், கதவைத் தாழிட்டு அமர்ந்திருந்த குடும்பங்களுக்கு அன்று முழுச் செய்தி எவ்வளவு தேவையாயிருந்தது!

இதற்கென 1966இல் பத்திரிகை மன்றம் அமைந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் கலைக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் உயிர்பெற்றது. ஏட்டின் தவற்றை அது கண்டிக்கலாமேயன்றித் தண்டிக்க இயலாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கோ, ஊரிலிருப்போர்க்கு இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம் வீட்டில் தமிழ் ஏடு. அடுத்த வீட்டில் அவ்வூர் ஏடு. இருபதாண்டு குடியிருந்தும் அவ்வூர் எழுத்தைக் கற்காதவர் நம்மிற் பலர். பள்ளியில் அதைப் படிக்கும் நம் பிள்ளைகளை அழைத்து, இன்றைய தலைப்பை உரக்கப் படித்துப் பொருள் சொல்லச் செய்யலாம். பிறகு நம் ஏட்டின் தலைப்பை நாம் அவர்களுக்குப் படித்துக் காட்டலாம்.